நின்றுபோன கல்லூரி ஹொக்கியை மீண்டும் எழுப்புவது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கல்லூரியில் ஹொக்கி ஒரே நாளில் நின்றுபோவதில்லை. நல்ல அணி ஒன்று உயர்தரம் முடித்து வெளியேறும். அவர்களுக்குக் கீழே ஆள் இருக்காது. அடுத்த வருடம் பொறுப்பாசிரியருக்கு இடமாற்றம் வரும். ஸ்டோர் திறப்பு யாரிடம் என்று தேடுவதிலேயே ஒரு தவணை போய்விடும். அதற்கடுத்த வருடம் வலயப் போட்டிக்கு எட்டுக் கிரிக்கெட் பிள்ளைகளையும் மூன்று உதைபந்தாட்டப் பிள்ளைகளையும் அவசரமாகச் சேர்த்துக் கொண்டுபோவார்கள். கோல் மழை வாங்கித் திரும்பியதும், "எங்கட பிள்ளைகளுக்கு ஹொக்கி சரிவராது" என்ற கதை ஊருக்குள் நிலைத்துவிடும்.

பிள்ளைகளில் குறை இல்லை. மேல் வகுப்புக்கும் கீழ் வகுப்புக்கும் இடையில் இருந்த தொடர்பும், ஓர் ஆசிரியரிடமிருந்து அடுத்தவருக்குப் போகவேண்டிய கைமாற்றமும் அறுந்துபோயின. அவற்றைத் திரும்பக் கட்ட மூன்று வருடம் வேண்டும். முதல் வருடத்திலேயே கிண்ணம் கேட்கும் அதிபரிடமும் பழைய மாணவர் சங்கத்திடமும் இதை ஆரம்பத்திலேயே சொல்லி, கூட்ட அறிக்கையிலும் எழுதி வையுங்கள். சொல்லாமல் தொடங்கினால் முதல் தோல்வியோடு காசும் நிற்கும், மைதானமும் கை மாறும்.

முதல் இரண்டு வாரம்: பந்தைத் தொடாதீர்கள், எண்ணுங்கள்

ஸ்டோர் அறையைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து வெயிலில் பரப்புங்கள். ஒவ்வொரு ஸ்டிக்கையும் கைப்பிடியில் தளர்வாகப் பிடித்து, தலையைச் சீமெந்துத் தரையில் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல ஸ்டிக் தெளிவாக ஒலிக்கும். உள்ளே வெடித்தது அடைத்த சத்தம் தரும், கைக்கு ஓர் அதிர்வும் வரும். கொம்பசிட் (நாரும் பிசினும் சேர்த்துச் செய்த) ஸ்டிக் என்றால் தலையின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். நார் கிளம்பியிருந்தால் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி டேப் சுற்றலாம். நார் ஆழமாகப் பிரிந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அந்த நார் கையையும் முகத்தையும் கிழிக்கும், விதியும் அதை அனுமதிக்காது.

ஸ்டிக்கின் உயரத்தையும் பாருங்கள். ஸ்டிக்கைப் பிள்ளையின் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தால் அதன் மேல்முனை இடுப்பெலும்பு அளவில் நிற்கவேண்டும். தரம் 6, 7 பிள்ளைகளுக்கு 32 முதல் 35 அங்குலம், வளர்ந்தவர்களுக்கு 36.5, நல்ல உயரமானவர்களுக்கு 37.5. பெரும்பாலான பாடசாலை ஸ்டோர்களில் 36.5 மட்டுமே கிடக்கும். அதைப் பதினொரு வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் கைப்பிடி முனை வயிற்றில் இடிக்கும். பிள்ளை நிமிர்ந்து நின்றே பந்தை அடிக்கப் பழகிவிடும், அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

கோல் காப்பாளர் உபகரணத்தைத் தனியாகப் பாருங்கள். கால் காப்பின் நுரையைப் பெருவிரலால் அழுத்திவிட்டு விடுங்கள். குழி அப்படியே நின்றால் அது செத்த நுரை. பந்தின் அடி நேராகக் காலெலும்புக்குப் போகும். வார்கள் இற்றுப்போயிருந்தால் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து மாற்றலாம்.

கடைசியாக ஒரு பதிவேடு. ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கம் இட்டு எழுதுங்கள். ஸ்டிக்கின் கைப்பிடியில் பெயின்றால் அதே இலக்கம். பயிற்சிக்கு எடுப்பவர் கையெழுத்து வைக்கவேண்டும். திறப்பு இரண்டு இருக்கட்டும், ஒன்று பொறுப்பாசிரியரிடம், மற்றது அலுவலகத்தில்.

ஆள் சேர்ப்பு: கீழிருந்து மேலே

முதல் பதினொருவரைத் தேடிப் போகாதீர்கள். தாளை மூன்றாகப் பிரியுங்கள்: தரம் 6–8, தரம் 9–11, தரம் 12–13. ஒவ்வொன்றிலும் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். கீழ்ப் படியில் 24 பேர், நடுவில் 18, மேலே 14 என்பது ஆரோக்கியமான கணக்கு. விழுந்துபோன பாடசாலைகளில் இது தலைகீழாக, மேலே 13, நடுவில் 4, கீழே ஒருவருமில்லை என்று இருக்கும். மேலே உள்ள அந்தப் 13 பேரும் உற்சாகமாகத்தான் இருப்பார்கள். ஆனால் உங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் அவர்களுக்குக் கொடுத்தால் இரண்டு வருடத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

தரம் 6, 7 வகுப்புகளுக்குப் போய் 40 பெயர் எடுங்கள். இரண்டு மாதத்தில் 25 நின்றால் நல்லது. ஓட்டத்தில் முந்துகிறவர்களை மட்டும் பொறுக்காதீர்கள், அவர்களை மெய்வல்லுநர் அணியும் உதைபந்தாட்ட அணியும் எப்படியும் கேட்கும். வகுப்பில் அமைதியாக இருந்து கையெழுத்து அழகாக எழுதும் பிள்ளைக்குப் பெரும்பாலும் நல்ல கை இருக்கும். கோல் காப்பாளருக்குக் கிரிக்கெட் விக்கெட் காப்பாளரைக் கேட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்கவேண்டும். ஹொக்கி ஸ்டிக்கில் இடதுகை ஸ்டிக் என்று ஒன்று கிடையாது, தட்டைப் பக்கம் எப்போதும் ஸ்டிக்கின் இடப்புறத்தில்தான். ஆகவே எல்லோருக்கும் இடதுகை மேலே, வலதுகை கீழே. வலதுகைத் துடுப்பாட்டக்காரருக்கு இது ஏற்கெனவே பழகிய பிடி. இடதுகைத் துடுப்பாட்டக்காரர் வலதுகையை மேலே வைத்துத்தான் தூக்குவார். முதல் நாளே மாற்றுங்கள், ஒரு மாதம் போனால் கஷ்டம். எல்லே விளையாடிய பிள்ளைகளிடம் வேறொரு சிக்கல் வரும். ஸ்டிக்கைத் தோளுக்கு மேல் தூக்கி விளாசுவார்கள். பக்கத்தில் நிற்பவரின் பல்லுக்கு அது ஆபத்து என்பதால், முதல் எட்டு வாரம் ஹிட் அடிக்கவே விடாதீர்கள்.

பெண்பிள்ளைகளின் அணியை எழுப்புவதாக இருந்தால் பெற்றோரின் கேள்விகள் மூன்று: பயிற்சியில் பெண் ஆசிரியர் நிற்பாரா, உடை என்ன, இருட்டுக்கு முதல் வீட்டுக்கு வருவார்களா? மூன்றுக்கும் பதில் தயாராக வைத்துக்கொண்டு பெற்றோர் கூட்டத்தை வையுங்கள். நீளக்கை மேற்சட்டையும் ட்ராக் காற்சட்டையும் ஹொக்கிக்குத் தடையல்ல. தலைத்துண்டு அணிபவர்கள் ஊசி குத்தாமல், இழுத்து அணியும் விளையாட்டு வகையைப் பாவிக்கவேண்டும். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கப் பாடசாலைகளில் இந்த ஒரு விடயத்தை முன்கூட்டியே தெளிவாகச் சொன்னால் பாதித் தயக்கம் போய்விடும்.

மைதானம்: முழுவதையும் அல்ல, 40க்கு 20

விதிப்படி மைதானம் 91.40 மீற்றர் நீளம், 55 மீற்றர் அகலம். அதை முழுதாகச் சமப்படுத்தக் காசு வரும்வரை காத்திருந்தால் பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிவிடுவார்கள். ஒரு கோலுக்கு முன்னால் 40 மீற்றர் நீளம், 20 மீற்றர் அகலம் உள்ள ஒரு பாத்தியைத் தெரிந்து அதை மட்டும் முதலில் நல்லதாக்குங்கள். ஐவர் ஹொக்கிக்குரிய முழுத் தரையே 48க்கு 32 மீற்றர் அளவுதான். ஆகவே இந்தத் துண்டில் பயிற்சி தாராளமாக நடக்கும்.

எழுவான்கரையில் கடலோரப் பாடசாலைகளுக்கு மணல்தான் தொல்லை. பந்து மூன்று மீற்றரில் செத்துப்போகும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் களி, கோடையில் வெடிக்கும், மாரியில் ஸ்டிக்கில் ஒட்டும். மணலுக்கு மேல் களி கலந்த மண்ணை மெல்லியதாகப் பரப்பி நனைத்து உருட்டவேண்டும். களித்தரைக்கு வெடிப்புகளில் மெல்லிய மணலைத் தூவி நிரப்பவேண்டும். கிரவல் போடுவதானால் அரித்துப் போடுங்கள். அரிக்காத கிரவலில் ஒரு கல் இருந்தால் போதும், பந்து எகிறி முகத்துக்கு வரும்.

வேலை ஒழுங்கு இப்படி. முதலில் பிள்ளைகளை ஒரு கை இடைவெளியில் வரிசையாக நிறுத்தி, பாத்தியை நீளமாக ஒரு தரமும் அகலமாக ஒரு தரமும் நடந்து கல், போத்தல் மூடி, முள் எல்லாம் பொறுக்கவையுங்கள். அடுத்தது பின்னேரத்தில் தண்ணீர். 800 சதுர மீற்றருக்கு 5 மில்லிமீற்றர் ஆழம் என்றால் 4,000 லீற்றர். பிரதேச சபை பவுசரைக் கேட்டுக் கடிதம் கொடுக்கும்போது இந்தக் கணக்கையும் எழுதுங்கள். மறுநாள் காலை, மண் ஈரமாக இருந்தும் சப்பாத்தில் ஒட்டாத நேரத்தில் உருளை போடவேண்டும். ஈரம் கூடினால் மண் உருளையோடு கிளம்பி வரும், காய்ந்துவிட்டால் உருட்டியும் பயனில்லை. உருளை இல்லாவிட்டால் 200 லீற்றர் பீப்பாயின் நடுவே ஒரு குழாயைச் செலுத்தி கொங்கிரீட் நிரப்புங்கள், அரைத் தொன்னுக்குக் கிட்ட எடை வரும். லாண்ட்மாஸ்டர் அதை இழுக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கிழமைக்கு ஒருமுறையாவது நனைத்து உருட்டாவிட்டால் மேல்மண் தூசியாகப் போய்விடும்.

மாட்டை மறந்துவிடாதீர்கள். மழைக்குப்பின் ஒரே இரவில் நாலைந்து மாடுகள் நடந்துபோனால், அந்தக் குளம்புக் குழிகள் காய்ந்து கல்லாகிவிடும். வேலியில் உள்ள ஓட்டையை அடைப்பதுதான் மைதானத்துக்குச் செய்யும் மிக மலிவான திருத்தம்.

கோடு கீறும்போது மூலைகளை 9, 12, 15 மீற்றர் முக்கோணத்தால் நேராக்குங்கள். முழு மைதானம் கீறினால் இரண்டு மூலைவிட்டமும் 106.67 மீற்றர் வரவேண்டும். வராவிட்டால் மூலை சாய்ந்திருக்கிறது. டி வட்டத்துக்கு (கோல் அடிக்கக்கூடிய, கோலுக்கு முன்னுள்ள பகுதி) ஒவ்வொரு கோல் கம்பத்தின் உட்பக்க முன்மூலையையும் மையமாக வைத்து 14.63 மீற்றரில் கால்வட்டம் போட்டு, இரண்டையும் 3.66 மீற்றர் நேர்கோட்டால் இணைக்கவேண்டும். நைலோன் கயிறு இழுபடும், அளவு நாடா பாவியுங்கள். பெனால்டிப் புள்ளி கோல் கோட்டிலிருந்து 6.40 மீற்றர். சுண்ணாம்புத்தூள் கண்ணைச் சுட்டுவிடும் என்பதால் வேண்டாம், வெள்ளை எமல்ஷனைத் தண்ணீர் கலந்து பாவிப்பது பாதுகாப்பு.

கோல் 3.66 மீற்றர் அகலம், 2.14 மீற்றர் உயரம். ஊரிலுள்ள ஒட்டுவேலைக்காரர் இரும்புக் குழாயில் செய்து தருவார். வலைக்குக் கரையில் கழித்த மீன்வலை போதும். கண் 45 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. உள்ளே அடியில் 460 மில்லிமீற்றர் உயரப் பலகையைக் கட்டாயம் போடுங்கள், ஏன் என்பது கீழே பெனால்டி கோர்னர் பகுதியில் தெரியும். கோலின் பின்காலில் மண்மூட்டை கட்டி நிலைப்படுத்துங்கள். பிள்ளைகள் தொங்குவார்கள், கவிழ்ந்தால் உயிராபத்து.

என்ன வாங்குவது, எதை முதலில்

ஜேர்சிக்கு அனுசரணை கேட்ட உடனே கிடைக்கும், ஏனென்றால் அதில் பெயர் அச்சிடலாம். கோல் காப்பாளர் உபகரணத்துக்கு யாரும் முன்வருவதில்லை. ஆகவே கேட்கும் ஒழுங்கை நீங்கள் தீர்மானியுங்கள்: முதலில் ஒரு முழு கோல் காப்பாளர் தொகுதி. அதாவது தலைக்கவசம், கழுத்துக்காப்பு, நெஞ்சுக்காப்பு, கால் காப்பு, கிக்கர் (பாதக்காப்பு), கையுறை, இடுப்புக்காப்பு. அடுத்து 16 சிறிய ஸ்டிக், பிறகு இரண்டு பேருக்கு ஒன்று என்ற கணக்கில் பந்து. பந்தின் எடை 156 முதல் 163 கிராம், வழவழப்பான மேற்பரப்பு உள்ளது புற்றரைக்குப் பொருந்தும். ஆரம்பப் பிள்ளைகளுக்கு முதல் மூன்று வாரம் டெனிஸ் பந்தே போதும். கூம்புக்குப் பதில் மண் நிரப்பிய தண்ணீர்ப் போத்தல்.

ஷின் கார்டும் மவுத் கார்டும் இல்லாத பிள்ளை உண்மையான பந்தோடு விளையாடக்கூடாது. இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். பல் விழுந்தால் வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்பதை எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

லண்டனிலும் கனடாவிலும் உள்ள பழைய மாணவர்கள் உதவி கேட்டால் "எதாவது அனுப்புங்கோ" என்று எழுதாதீர்கள். "34 அங்குல ஸ்டிக் 8, பாவித்ததென்றாலும் பரவாயில்லை, நடுத்தர அளவு கிக்கர் ஒரு சோடி" என்று எழுதுங்கள். அங்கே பிள்ளைகள் வளர வளரக் கழிக்கும் சிறிய ஸ்டிக்குகள் நல்ல நிலையில் கிடைக்கும்.

நாளும் நேரமும்

பின்னேர நேரம் ரியூசனுக்குப் போய்விட்டது, அதோடு போட்டி போட்டு வெல்ல முடியாது. கிழமையில் மூன்று நாள் தெரிந்து அதை மாற்றாமல் வையுங்கள். இரண்டு நாள் 3.30 முதல் 5.15 வரை, சனிக்கிழமை காலை 6.15 முதல் 8.00 வரை என்றால் சனி ரியூசனுக்கும் பிந்தாது. நாள் மாறிக்கொண்டே இருந்தால் பெற்றோரின் நம்பிக்கை போய்விடும்.

வருடக் கணக்கில், இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலத்தில் மைதானம் உங்களுக்குக் கிடைக்காது. பெரும்போக அறுவடைக் காலத்தில் படுவான்கரைப் பிள்ளைகள் சிலர் வயலுக்குப் போவார்கள். நோன்பு மாதத்தில் ஓட்டத்தைக் குறைத்து, நின்ற இடத்தில் செய்யும் கைப்பயிற்சியை மட்டும் வையுங்கள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் திருவிழா நடக்கும் நாட்களில் வராத பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல், அந்தக் கிழமையை முன்கூட்டியே ஓய்வாகப் போட்டுவிடுங்கள். மாசியிலிருந்து புரட்டாதி வரைதான் நல்ல காலம்.

சாதாரண தரப் பரீட்சை வருடம்தான் சங்கிலி அறும் இடம். தரம் 11 பிள்ளையிடம் மூன்று நாளும் கேட்டால் முழுவதாக நின்றுவிடும். சனிக்கிழமை ஒரு நாளை மட்டும் கேளுங்கள். பரீட்சை முடிந்த கிழமையே தொலைபேசியில் கூப்பிடுங்கள். பெறுபேறு வரும்வரை உள்ள அந்த மாதங்கள் கையில் வெறுமையாக இருக்கும் மாதங்கள். நல்ல ஹொக்கி வீரர்கள் அப்போதுதான் உருவாகிறார்கள்.

முதல் 12 வாரம்: பந்தை நிறுத்துதல்

எங்கள் பக்கத் தரையில் ஆட்டத்தைத் தீர்மானிப்பது பந்தை நிறுத்தும் திறமைதான். அணிகள் தோற்பது பெரும்பாலும் ஓட்டத்தில் அல்ல. வந்த பந்து ஸ்டிக்குக்கு மேலால் தாவிப் போவதில். அதை அருகில் நின்று பாருங்கள். பிள்ளை பந்தை எதிர்பார்த்து நிற்கும்போது இடதுகை உடலோடு ஒட்டி, கைப்பிடி பின்னால் சாய்ந்திருக்கும். அப்போது ஸ்டிக்கின் முகம் வானத்தைப் பார்க்கும், பந்து அதில் ஏறித் தாவும். இடதுகையை வலதுகையைவிட முன்னால், பந்து வரும் திசைக்குக் கொண்டுபோனால் கைப்பிடி முன்சாயும், முகம் தரையை நோக்கி மூடும், பந்து அதன் கீழே அடங்கும். வலதுகை கைப்பிடியின் நடுவில் தளர்வாக இருக்கவேண்டும். இறுகப் பிடித்தால் பந்து பலகையில் பட்டதுபோலத் திரும்பிப் போகும். பந்து தொடும் கணத்தில் ஸ்டிக்கைச் சற்றுப் பின்வாங்கவேண்டும், எறிந்த முட்டையைக் கையில் ஏந்துவதுபோல.

மேடு பள்ளமான தரையில் இன்னொரு வழியும் கற்பியுங்கள். முழங்காலை மடித்து, ஸ்டிக்கைத் தரையோடு கிடையாகப் படுக்கவைத்து மறிப்பது. இடதுகை விரல்முட்டி மண்ணில் படவேண்டும். படாவிட்டால் அந்த இடைவெளிக்குள்ளால் பந்து போய்விடும். இப்படி நிறுத்தினால் ஒரு மீற்றர் அகலம் அடைபடும்.

அளவுகோல் வையுங்கள். இருவர் 8 மீற்றர் இடைவெளியில் நின்று 50 பந்து. 40 நின்றால் அடுத்த படி, 12 மீற்றர். நாலாம் வாரத்தில் புஷ். இடதுதோள் இலக்கைப் பார்க்க, கால்கள் அகன்று, ஸ்டிக் பந்தோடு ஒட்டியபடியே புறப்படவேண்டும். சத்தம் கேட்டால் அது புஷ் அல்ல, சின்ன ஹிட். ஆறாம் வாரத்தில் பந்தை இடமும் வலமும் புரட்டிக்கொண்டு ஓடுதல். இதில் திருப்புவது இடதுகை. வலதுகை வெறும் வளையம்போல ஸ்டிக் சுழல விட்டுக்கொடுக்கும். இரண்டு கையாலும் திருப்பும் பிள்ளைக்கு, வலதுகைக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு காகிதக் குழாயைச் செருகிக் கொடுங்கள். குழாய் நசியாமல் ஸ்டிக் சுழன்றால் சரி. ஒன்பதாம் வாரத்தில் ஸ்லாப் (ஸ்டிக்கைத் தரையோடு வீசித் தட்டுவது), பிறகுதான் ஹிட்.

ஒவ்வொரு பயிற்சியிலும் கடைசி 30 நிமிடம் நாலுக்கு நால் ஆட்டம், 20க்கு 15 மீற்றர் கட்டத்தில். கோல் காப்பாளர் வேண்டாம், போத்தல் இரண்டுதான் கோல். பிள்ளைகளைத் திரும்ப வரவைப்பது இந்த அரை மணித்தியாலம்தான். நேரம் போதாவிட்டால் வேறெதையாவது வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள். உதைபந்தாட்டப் பழக்கத்தில் காலால் தடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் நிறுத்தி எதிரணிக்குப் பந்து கொடுங்கள். ஸ்டிக்கின் பின்பக்கம் பட்டாலும் அதேதான். ஐந்து மீற்றருக்குள் நிற்பவரை நோக்கிப் பந்தைக் கிளப்புவது ஆபத்தான ஆட்டம் என்பதை விதியாகவே மனப்பாடம் செய்யவையுங்கள்.

உடற்தகுதிக்குத் தனி நாள் வேண்டியதில்லை. கோல் கோட்டிலிருந்து 22.90 மீற்றர்க் கோட்டுக்கும் திரும்பவும் எட்டுத் தரம், இடையில் ஓய்வு, மூன்று சுற்று. வெயில் நாளில் 15 நிமிடத்துக்கொருமுறை தண்ணீர். களைத்துப் போனவர்களுக்கு ஜீவனி. பயிற்சி முடிய அவித்த கச்சானோ கடலையோ ஒரு கை கொடுங்கள். பல பிள்ளைகள் இடைவேளைக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் வந்திருப்பார்கள்.

கோல் காப்பாளர்

ஒவ்வொரு படியிலும் இருவர். கிரிக்கெட் பாட் கட்டி ஒருபோதும் நிறுத்தாதீர்கள். அது பாதத்தை மூடாது, கிரிக்கெட் தலைக்கவசமும் கழுத்தை மூடாது. பயிற்சியின் முதல் 20 நிமிடம் இவர்களுக்குத் தனியாக. முதலில் டெனிஸ் பந்து, கால் உட்பக்கத்தால் பக்கவாட்டுக்குத் தட்டிவிடுதல். நேராக முன்னால் தட்டினால் அது எதிரணிக்கு இரண்டாவது வாய்ப்பு. ஆகவே இலக்கு எப்போதும் மைதானத்தின் ஓரம். ஆரம்பக் காப்பாளர்கள் கோல் கோட்டிலேயே ஒட்டி நிற்பார்கள். இரண்டு அடி முன்னால் வரச்சொல்லுங்கள், கோல் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறதென்று அடிப்பவரிடமே கேட்டுக் காட்டுங்கள்.

உபகரணத்தை நிழலில் காற்றுக்குத் தொங்கவிட்டுக் காயவைக்கவேண்டும். வெயிலில் காய்ந்தால் நுரை இறுகும். மாரியில் பைக்குள் மூடி வைத்தால் ஒரே கிழமையில் பூஞ்சணம் பிடித்து, அடுத்த பிள்ளை அதைப் போட மறுக்கும்.

பெனால்டி கோர்னர்: பின்தங்கிய அணியின் ஆயுதம்

திறந்த ஆட்டத்தில் பலமான அணியை உடைக்க உங்களுக்கு இரண்டு வருடம் வேண்டும். தடுக்கும் அணி தன் வட்டத்துக்குள் தவறிழைத்தால் கிடைக்கும் பெனால்டி கோர்னரில் அப்படியல்ல. அங்கே எதிரணியின் ஐவர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள், பந்து உங்கள் கையில். கிழமைக்கு இரு தரம் 20 கோர்னர் அடித்துப் பழகினால் வலயமட்டத்தில் அதுவே கோல் தரும்.

பந்து கிட்டிய கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீற்றரில் வைத்து உள்ளே தள்ளப்படும். வட்டத்தின் நடு உச்சிக்கு அனுப்பினால் பந்து ஏறத்தாழ 19 மீற்றர் உருளவேண்டும். நமது தரையில் அந்தத் தூரத்துக்குள் அது இரண்டு தரம் துள்ளும், நிறுத்துபவர் தவறவிடுவார். அதற்குப் பதில் தள்ளுபவரின் பக்கமாகவே, வட்டத்தில் கிட்டிய இடத்துக்கு அனுப்புங்கள். தூரம் 15 மீற்றர் அளவுக்குக் குறையும். அடிக்கும் கோணம் ஒடுங்கும், ஆனால் நிறுத்தாத பந்தைவிட ஒடுங்கிய கோணம் மேல். பந்து வட்டத்துக்கு வெளியே போய்த் திரும்ப உள்ளே வந்த பிறகுதான் கோல் செல்லும் என்பதை நிறுத்துபவர் மறக்கக்கூடாது.

முதல் அடி ஹிட் என்றால் கோல் கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. பலகை போடச் சொன்னது இதற்குத்தான். பயிற்சியில் பந்து பலகையில் மோதும் சத்தம் கேட்டால்தான் கோல் என்று எண்ணுங்கள், பிள்ளைகளின் காது தானாகப் பழகிவிடும். பிளிக்குக்கும் (பந்தை ஸ்டிக்கால் கிளப்பி அனுப்புவது) புஷ்ஷுக்கும் இந்த உயர எல்லை இல்லை. ஆனால் ட்ரக் பிளிக்கை (பந்தை ஸ்டிக்கோடு இழுத்துவந்து வீசும் பிளிக்) வளரும் முதுகுக்கு அவசரமாகத் திணிக்காதீர்கள், தரம் 10க்கு மேல் பார்க்கலாம். தடுக்கும்போது முதலில் பாய்ந்து வருபவருக்கு முகக்கவசமும் முழங்கால் காப்பும் வேண்டும்.

மாரி காலம்

ஐப்பசி கடைசியிலிருந்து தைவரை மைதானம் குளமாக நிற்கும். பல பாடசாலைகளில் ஹொக்கி அந்த மூன்று மாதத்தில்தான் சத்தமில்லாமல் சாகிறது. கூடைப்பந்தாட்டத் தரைக்குப் போங்கள். ஓரத்தில் பலகைகளைப் படுக்கவைத்து, உள்ளரங்க ஹொக்கிபோலப் புஷ் மட்டும், ஹிட் கிடையாது என்று ஐவர் ஆட்டம். சீமெந்து ஸ்டிக்கின் தலையை உரசித் தின்னும் என்பதால் பழைய ஸ்டிக்குகளுக்கு டேப் சுற்றிப் பாவியுங்கள். வழுக்கும் பாசி இருந்தால் அன்று பயிற்சி இல்லை. வகுப்பறையில் விதிகள், மத்தியஸ்தம், கோர்னர் இடங்களைக் கரும்பலகையில் போட்டுக் கேள்வி கேட்கலாம். மேல் வகுப்பில் இருவரை மத்தியஸ்தர்களாகப் பழக்குங்கள். பச்சை அட்டை இரண்டு நிமிடம், மஞ்சள் குறைந்தது ஐந்து நிமிடம் என்று விசில் பிடித்துப் பழகிய பிள்ளை விளையாடும்போது வாதாடுவதில்லை.

போட்டிகளும் செயற்கைத் தரையும்

வருடத்தில் ஒரே ஒரு வலயப் போட்டியோடு அணி வளராது. பத்து ஆட்டமாவது வேண்டும். பதினொருவர் திரட்ட முடியாத பாடசாலைகள் பக்கத்தில் இருந்தால் ஐவர் ஆட்டத்துக்கு அழையுங்கள். 10 நிமிடம் கொண்ட இரண்டு பாதி. நாலு பாடசாலை ஒரே பின்னேரத்தில் எல்லோரோடும் விளையாடி முடிக்கலாம். மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, பட்டிருப்பு, கல்குடா, கல்முனை, சம்மாந்துறை வலயங்களுக்கிடையில் பஸ் தூரம் பெரிதல்ல. முதல் வருடம் கீழ்ப் படிப் பிள்ளைகளுக்கே இந்த ஆட்டங்களை அதிகம் கொடுங்கள்.

மாகாணம் தாண்டிச் செயற்கைத் தரையில் விளையாடப் போகும் நாளில் புற்றரைப் பிள்ளைகள் தடுமாறுவது பந்தின் வேகத்தால். பந்து துள்ளாமல், தாமதிக்காமல் நேரே வரும். போவதற்கு மூன்று கிழமைக்கு முன்பிருந்து பாதிப் பயிற்சியைச் சீமெந்துத் தரைக்கு மாற்றுங்கள், நிறுத்தும் கை அந்த வேகத்துக்குப் பழகும். ஆணி வைத்த சப்பாத்து அங்கே பாவிக்க முடியாது. விழுந்தால் தோல் உரியும், நீளக் காலுறை இரண்டு சோடி வேண்டும். முடிந்தால் முதல்நாளே போய் ஒரு மணித்தியாலமாவது பந்தை உருட்டிப் பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் போய் விடிய இறங்கி நேரே விளையாடும் அணி, இரண்டாம் கால்பகுதியில் கால் செத்து நிற்கும்.

தேசியமட்டச் சான்றிதழ்களைப் பிரதி எடுத்து ஆளுக்கொரு கோப்பில் வையுங்கள். விளையாட்டுத் திறமைக்கான பல்கலைக்கழக விசேட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் பலருக்கு அந்தத் தாள்தான் இல்லாமல் போகிறது. பெற்றோரிடம் ஹொக்கிக்காகப் பேசும்போதும் இந்த வழி இருக்கிறதென்பதைச் சொல்லுங்கள்.

கைமாற்றக் கோப்பு

இடமாற்றம் எப்போதும் வரலாம். ஆகவே முதல் நாளிலிருந்தே உதவிப் பொறுப்பாசிரியர் ஒருவர் கூடவே இருக்கவேண்டும். அலுவலகத்தில் ஒரு கோப்பும் இருக்கவேண்டும். அதற்குள் உபகரணப் பதிவேட்டின் பிரதி, மூன்று படிப் பிள்ளைகளின் பெயரும் பிறந்த திகதியும் பெற்றோரின் தொலைபேசி இலக்கமும், பெற்றோர் சம்மதக் கடிதங்கள், பவுசருக்கும் மைதானத்துக்கும் எழுதிய கடிதங்களின் பிரதிகள், வருட நாட்காட்டி, ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவு. ஒட்டுவேலைக்காரர், சப்பாத்துத் தைப்பவர், லாண்ட்மாஸ்டர்காரர் ஆகியோரின் இலக்கங்களையும் எழுதுங்கள். புதிதாக வருபவர் அவர்களைத் தேடியே ஒரு மாதம் கழிப்பார்.

ஒவ்வொரு வருடமும் மார்கழி விடுமுறைக்கு முன் அந்த மூன்று படிக் கணக்கைத் திரும்ப எழுதி, போன வருடத் தாளின் மேல் குத்துங்கள். தரம் 6–8 வரிசையில் இலக்கம் 20க்குக் கீழே போயிருந்தால், தை மாதம் முதல் வேலை தரம் 6 வகுப்புகளுக்குப் போய்ப் பெயர் எடுப்பது.